ஒன்பதாயிரத்தில் 54 ரூபாய்

கேள்வி: ஜி.எஸ்.டி. ஒரு ‘தேய்வு வீத வரி’ என்கிறாள் பி.காம். படிக்கும் என் மகள். பணக்காரருக்கும் எனக்கும் ஒரே சதவீதம்தானே, இதில் தேய என்ன இருக்கிறது? இங்கிலீஷில் ‘ரெக்ரெசிவ்’ என்பார்களாம். பிற்போக்கான வரி என்று அர்த்தமா? – வாசகி, கருங்கல்.

பதில்: ஒரு கருத்தை அப்படிச் சொன்னால் பிற்போக்கு என்றுதான் அர்த்தம். வரிக்குச் சொல்லும்போது அது வெறும் கணக்கு. நீங்கள் பொருளின் விலையில் சதவீதம் பார்க்கிறீர்கள். மகள் வாங்குகிறவரின் வருமானத்தில் பார்க்கிறாள். வருமானம் கூடக்கூட அதில் வரிக்குப் போகும் பங்கு குறைந்தால், அது தேய்வு வீத வரி.

என் அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், முந்திரிக்கொட்டை ஓடு உடைத்தவர். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தும் ஓட்டு எண்ணெய் விடாது. விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கும். சோறு பிசையும்போது எரியும் என்று எனக்கும் தங்கைக்கும் கரண்டியால்தான் போடுவார். இன்று அந்த வேலைக்குப் போகும் ஒருவருக்கு மாதம் 9,000 ரூபாய் கிடைக்கிறது என்று வையுங்கள். 354 ரூபாய்க்கு போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 54 ரூபாய் வரி. 90,000 சம்பளக்காரரும் அதே 54 ரூபாய்தான் கட்டுகிறார். அவருக்கு அது ஆயிரத்துக்கு 60 காசு. அண்டி ஆபீஸ்காரருக்கு ஆயிரத்துக்கு 6 ரூபாய்! அப்புறம், இவர் கூலி முழுவதும் கடைக்கே போய்விடும். அவர் மிச்சம் பிடித்து வங்கியில் போடும் பணத்தை ஜி.எஸ்.டி. தொடுவதில்லை.

வருமான வரி இதற்கு நேர்மாறு. வருமானம் ஏற ஏற வீதமும் ஏறும். அது வளர்வீத வரி.

நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் நாடார், ஈழவர் முதலியோரிடம் தலைவரி வாங்கினார்கள். கையில் காசு இருக்கிறதா என்று கேட்பதில்லை, தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. மேல்சாதியாருக்கு அது கிடையாது. நீங்கள் கேட்ட இரண்டு அர்த்தமும் அந்த வரிக்குப் பொருந்தும். அய்யா வைகுண்டர் இந்த வரிக்கொடுமைகளை எதிர்த்துப் பேசியது சாமித்தோப்புப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

ஜி.எஸ்.டி.யை அதோடு சேர்த்துவைப்பது நியாயமில்லை. சில்லறையாக வாங்கும் அரிசிக்கும் உப்புக்கும் வரி இல்லை. குளியல் சோப்பு, பற்பசைக்கு இருந்த 18 சதவீதத்தை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கிவிட்டார்கள். இவையெல்லாம் ஏழையின் பாரத்தைக் குறைப்பவைதான். ஆனால் ரீசார்ஜுக்கு இன்னும் அதே 18. ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் ஓடிபி வருகிற போனுக்கு இது அநியாயம். இதையும் 5-க்குக் கொண்டுவர வேண்டும்.