கலர் கம்பெனிச் சண்டை எந்த இடத்தில் நடக்கிறது? எல்லையோரக் கேள்வி பதில்

கேரளா-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் 27 வருடம் கலர் (பாட்டில் குளிர்பானம்) ஏஜென்சி நடத்தினேன். கடை கடையாகச் சரக்குப் போடும் எங்கள் லைன் வண்டி வேலந்தாவளத்தில் தொடங்கி மீனாட்சிபுரம் செக்போஸ்ட் வரை போகும். நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கையில் இருக்கும் அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, புதிதாகப் பெட்டிக்கடை போட்டிருக்கிறேன். கம்பெனிக் கூலரைச் சும்மாவே தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? (வேலந்தாவளம்)

வாங்குங்கள், ஆனால் சும்மா என்று நினைத்து வாங்காதீர்கள். கரண்ட் பில் உங்களுடையது. உள்ளே அவர்கள் சரக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள். கோலா சண்டை என்று டிவியில் பார்க்கிறோமே, உண்மையான சண்டை அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான். மே மாத வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “ஜில்லுனு ஒண்ணு குடுங்க” என்பார். ஜில்லென்று எது இருக்கிறதோ அது விற்கும்.

வண்டித்தாவளம் பக்கம் ஒரு அக்கா, கூலரின் கீழ்த்தட்டில் உள்ளூர் பன்னீர் சோடா பத்து பாட்டில் அடுக்கியிருந்தார். சேல்ஸ்மேன் போனில் போட்டோ எடுத்துப் போனார். அடுத்த மாதம் அந்த அக்காவுக்கு ஸ்கீம், அதாவது கம்பெனி தரும் சலுகை, கிடையாது. பத்து பாட்டிலுக்கு இவ்வளவா என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த அக்கா செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கி, கூலருக்குப் பக்கத்திலேயே வைத்தார். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

கோக்கும் பெப்சியும் ஏன் விலையைக் குறைத்து மோதிக்கொள்வதில்லை? (பொள்ளாச்சி, பி.காம். இரண்டாம் ஆண்டு)

நல்ல கேள்வி தம்பி. இரண்டு பேர் மட்டும் இருக்கும் சந்தையில் ஒருவர் ஒரு ரூபாய் குறைத்தால் மற்றவரும் மறுநாளே குறைப்பார். பங்கு மாறாது, இருவருக்கும் நஷ்டம்தான் மிஞ்சும். அதனால் விளம்பரத்தில் அடித்துக்கொள்வார்கள். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு கோக் அதிகாரப்பூர்வ பானம் ஆனபோது, ‘இதில் அதிகாரப்பூர்வம் ஒன்றுமில்லை’ என்று பெப்சி விளம்பரம் போட்டதே, அந்த மாதிரி.

மூன்றாவது ஆள் வந்தால்தான் விலை அசையும். 2022இல் ரிலையன்ஸ் கேம்பா என்ற பழைய கோலாவின் பெயரை வாங்கி, 2023இல் 200 மில்லி பாட்டிலை 10 ரூபாய்க்கு இறக்கியது. எதிரில் கோக், பெப்சி அப்போது 250 மில்லி 20 ரூபாய். பள்ளிக்கூடப் பிள்ளை கையில் இருப்பது பத்து ரூபாய்த் தாள்தான். அந்தத் தாளைக் குறிவைத்த கணக்கு அது.

தம்ஸ் அப் யாருடையது? (பாலக்காட்டுச் சித்தூர்)

கோக்குடையது. 1977இல் நாட்டை விட்டுப் போன கோக் 1993இல் திரும்பி வந்தபோது, பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாஸா எல்லாவற்றையும் வாங்கியது. கூடவே பார்லேயின் பாட்டிலிங் வலையும் கைக்கு வந்தது. முதலில் தம்ஸ் அப்பை ஓரங்கட்டப் பார்த்தார்கள். ஜனங்கள் விடவில்லை. 2021இல் அது நூறு கோடி டாலர் விற்பனையைத் தொட்டது.

எங்கள் பிளாச்சிமடையில் கோக் கம்பெனி ஏன் ஃபேக்டரி வைத்தது, ஐயா? (பெருமாட்டி)

கலரில் பெரும்பங்கு தண்ணீர். கலருக்கான கெட்டிச் சாறான கான்சன்ட்ரேட்டை எங்கிருந்தும் அனுப்பலாம், தண்ணீரை லாரியில் ஏற்றினால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அதனால் தண்ணீர் கிடைக்கிற, கடைகளுக்குப் பக்கமான இடமாகப் பார்ப்பார்கள். போட்டி கூடக் கூட ஃபேக்டரி ஊருக்குள் வரும். 2000இல் பிளாச்சிமடைக்கு வந்தது. சில மாதங்களிலேயே கிணற்று நீர் குறைந்ததென்றும் கெட்டதென்றும் ஊரார் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கியது, ஊர்ப் பெண் மயிலம்மா அதற்கு முகமானார். பெருமாட்டிப் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2010இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு ஊருக்கு ஏற்பட்ட இழப்பை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. கூலருக்காகக் கம்பெனிகள் போட்ட சண்டைக்கு நம் கிணறுகள் விலை கொடுத்தன என்றே நான் நினைக்கிறேன்.

மாம்பழ ஜூஸ் கம்பெனிகள் எங்கள் முதலமடை மாங்காயை ஏன் எடுப்பதில்லை? (முதலமடை)

நம் மாங்காய் சீசனுக்கு முன்னாலேயே வருவது, பழமாக விற்றால்தான் விலை. கூழுக்கு அவர்கள் பெரும்பாலும் எடுப்பது கிளிமூக்கு. ஆந்திரா சித்தூர், கிருஷ்ணகிரிப் பக்கம் அதற்கென்றே ஃபேக்டரிகள் வரிசையாக உண்டு.

பன்னீர் சோடா, கோலி சோடா போடுகிறேன். பெரிய கம்பெனிகளுக்கு எதிரில் தாக்குப்பிடிக்க முடியுமா? (கோபாலபுரம்)

முடியும். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் இன்னும் பொவன்டோ விற்கிறதே! 2017 மார்ச் 1 முதல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியை விற்க மாட்டோம் என்றபோது, தயாராகச் சரக்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் இடம் கிடைத்தது.

முதலில் வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பும் வாசனையும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பன்னீர் சோடாவுக்கு 40 சதவீதம். இரண்டையும் ஒரே பில்லில் கலந்து எழுதாதீர்கள்.

அப்புறம், தூரம். கோலி பாட்டில் காலியாகத் திரும்பி வர வேண்டும், ஆக வண்டி இரண்டு தடவை ஓட வேண்டும். எல்லை தாண்டி எங்கெங்கோ போகாமல், காலையில் போய் மதியத்துக்குள் காலி கிரேட்டோடு திரும்புகிற தூரத்துக்குள் நில்லுங்கள். பெரிய கம்பெனிக் கூலர் இல்லாத கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, சந்தை நாள் ஆகியவற்றைப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியை நீங்களே கொண்டுபோய் வையுங்கள்.