ஸ்டென்ட் வைத்தவருக்குப் பெருவிரலில் வலி

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாடின், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக நள்ளிரவில் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது. யூரிக் அமிலம் 9.1. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் தணிந்துவிடும். பருப்பையும் நிறுத்திவிட்டேன். இது இதயத்தைப் பாதிக்குமா?

பதில்: முதலில் அந்த டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டு, மறுகாலைத் தரையில் வைக்கப் பயந்தபடி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சட்டைப்பையில் பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை இருக்கும். ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு அந்த அட்டைதான் எனக்குப் பெரிய கவலை. டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்றவை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம்.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் கௌட். யூரிக் அமிலம் சுமார் 6.8-ஐத் தாண்டி நீடித்தால் மூட்டில் ஊசிபோன்ற படிகங்களாகப் படியும். உடலின் பாதுகாப்பு அணுக்கள் அவற்றைத் தாக்குவதுதான் அந்த நள்ளிரவு வலி. இந்தத் தாக்குதலால் வரும் அழற்சி (வீக்கம், சிவப்பு, சூடு) விரலோடு நின்றுவிடுவதில்லை, ரத்தத்திலும் பரவுகிறது. இதயக் குழாயில் படிந்த கொழுப்புத் திட்டும் பெரும்பாலும் அழற்சியால்தான் வெடிக்கிறது. பிரிட்டனில் 60,000-க்கும் மேற்பட்ட கௌட் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அதற்கு முந்தைய 60 நாட்களில் கௌட் வலி வந்திருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. ஆகவே, ‘கால்வலிதானே’ என்று விடாமல் இதய மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வலி வந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் தரும் குறைந்த அளவு கோல்சிசின் என்ற அழற்சி குறைக்கும் மருந்து உங்களுக்குப் பொருந்தும். வலி தொடங்கிய முதல் நாளிலேயே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். கிளாரித்ரோமைசின், டில்டியாசெம், வெராபமில் சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்தாகலாம். உங்கள் அட்டோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடினோடு சேரும்போது தசைவலி வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். நாள்பட்ட இதயக்குழாய் நோயில் தினமும் 0.5 மில்லிகிராம் கோல்சிசின் மாரடைப்பைக் குறைத்ததாக 2020-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த 2024 ஆய்வில் அந்தப் பலன் இல்லை. தினசரி வேண்டுமா என்பதை உங்கள் இதய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மூன்று முறை வந்துவிட்டதால் யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே கொண்டுவந்தே ஆக வேண்டும். அலோபியூரினாலை 100 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். தோலில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு வாருங்கள். வலி நின்றதும் நிறுத்துவது, வந்ததும் தொடங்குவது என்ற பழக்கம் மட்டும் வேண்டாம். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ஃபெபுக்ஸோஸ்டாட்டில் இதய மரணம் கூடுதலாக இருந்ததாக 2018 ஆய்வு சொன்னது, 2020 ஆய்வு அப்படி இல்லை என்றது. ஸ்டென்ட் வைத்தவருக்கு நான் முதலில் எழுதுவது அலோபியூரினால்தான். ஒன்று சொல்ல வேண்டும்: இது உங்கள் மூட்டுக்கான மருந்து. கௌட் இல்லாத இதய நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்ததில் இதயத்துக்குப் பலன் கிடைக்கவில்லை.

பிரஷர் மாத்திரை அட்டையில் ‘ஹைட்ரோகுளோரோதயசைடு’ என்று இருக்கிறதா பாருங்கள். அது யூரிக் அமிலத்தை ஏற்றும். லோசார்டான் சற்றுக் குறைக்கும். மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும்தான், ஆனால் ஸ்டென்ட் உள்ள நீங்கள் அதை நிறுத்தவே கூடாது.

பருப்பைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். விட வேண்டியது ஈரல், சுவரொட்டி, நெத்திலி, மத்தி, பீர், பாட்டில் குளிர்பானம்.

கௌட் வலி வந்து போன வாரங்களில் நெஞ்சில் இறுக்கமோ, தாடையிலோ இடது கையிலோ வலியோ, திடீர் வியர்வையோ வந்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.