ஜனவரி 14-க்குப் பதில் டிசம்பர் 7

டீச்சர், ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்களைப் பள்ளியில் கௌரவிக்க ஆசை, ஆனால் படைவீரர் தினமான ஜனவரி 14 பொங்கல் விடுமுறையில் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் ஓய்வுபெற்ற நாள் அது. பள்ளிக்கு டிசம்பர் 7, படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாள்தான் தோது. 1949 முதல் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இப்போதே பேசிவிடுங்கள். போரில் கணவரை இழந்த அம்மாக்களையும் அவசியம் கூப்பிடுங்கள். நாற்காலிகள் நிழலில் இருக்கட்டும்.

பொன்னாடையோடு முடித்துவிடாதீர்கள், பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். எங்கள் பள்ளிக்கு வந்த சுபேதார் ஐயாவுக்கு மைக்கைப் பிடித்ததும் கை நடுங்கியது, பேச்சே வரவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “பனிமலையில சோறு எப்படிங்க ஐயா வேகும்?” என்றான். குக்கர் விசிலில் ஆரம்பித்தவர் அரைமணி நேரம் பேசினார்.