‘கேப்டன் ஹொரேஷியோ ஹார்ன்புளோவர்’ படத்தில் சின்னக் கப்பல் பெரிய போர்க்கப்பலை வீழ்த்துகிறதே, நிஜத்தில் நடக்குமா?
நடக்கும். 1951-ல் வந்த, கிரிகரி பெக் நடித்த அந்தப் படத்தில் சின்னக் கப்பலான லிடியாவைவிட, எதிரியின் பெரிய கப்பலான நாடிவிடாடுக்குத்தான் பீரங்கிகள் அதிகம். ஆனால் பாய்மரக் காலத்தில் பெரும்பாலான பீரங்கிகள் பக்கவாட்டில்தான் இருக்கும். பக்கச்சுவர் தடித்த மரம். பின்பக்கமோ கேப்டன் அறையின் கண்ணாடி ஜன்னல்கள்! சண்டைக்கு முன் உள்தடுப்புகளையும் கழற்றிவிடுவார்கள். அதனால் பின்னாலிருந்து புகும் குண்டு பீரங்கித் தளத்தின் நீளம் முழுக்கப் பாய்ந்து ஆட்களைச் சாய்க்கும். பதிலுக்குச் சுட எதிரி முழுக் கப்பலையும் திருப்ப வேண்டும்; பாய்மரம் அறுந்திருந்தால் அதுவும் முடியாது.

சுடும் வேகமும் முக்கியம். ஈரத் துடைப்பானால் குழாயைத் துடைத்து, வெடிமருந்துப்பை, குண்டு, அடைப்பு எனத் திணித்துச் சுட, தேர்ந்த குழுவுக்கு ஒன்றரை நிமிடம் போதும். அவசரத்தில் துடைக்காமல் விட்டால், உள்ளே கனலும் துணுக்கு புது மருந்தைப் பற்றவைக்கும். திணிப்பவன் கை போய்விடும்.