'ம' என்பது மாம்பழம் அல்ல, மாம்பழத்தின் விலை

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டல், பெருக்கல் எல்லாம் மடமடவென்று போடுவாள். இயற்கணிதம் வந்ததிலிருந்து கணக்கு நோட்டைத் திறக்கவே பயப்படுகிறாள். 3ம + 2க என்றால் மூணு மாம்பழம், ரெண்டு கொய்யா என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அது புரிந்தது. ஆனால் ம = 60, க = 40 என்று கொடுத்து மதிப்புக் கண்டுபிடிக்கச் சொன்னால் 600 என்கிறாள். சில சமயம் 5மக என்று எழுதிவிட்டு, 'முடிஞ்சது' என்கிறாள். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். டியூஷனில் சேர்க்கலாமா?
- பெயர் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். 360 + 240 = 600 என்று அழகாக எழுதியிருக்கிறாள். கூட்டலில் தவறே இல்லை. 'ம' இருந்த இடத்தில் 60-ஐ வைத்தாள். பக்கத்தில் நின்ற 3 அதோடு ஒட்டிக்கொண்டு 360 ஆகிவிட்டது. 'க' இருந்த இடத்திலும் அதேதான். அவள் கவனக்குறைவாகப் போடவில்லை. தனக்குப் புரிந்தபடி சரியாகத்தான் போட்டிருக்கிறாள். அந்தப் புரிதலில்தான் கோளாறு.

அது மாம்பழத்திலிருந்து வந்தது. 3ம என்பதை 'மூணு மாம்பழம்' என்று படித்தால், அதில் பெருக்கல் எங்கே இருக்கிறது? ஓர் எண், அதன் பின்னால் ஒரு பழத்தின் பெயர், அவ்வளவுதான். மூன்றும் இரண்டும் சேர்ந்து அஞ்சு பழம் என்பதால் 5மக என்று எழுதவும் தோன்றும். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லிக் கொடுத்தீர்கள். பல வகுப்பறைகளிலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனாலும் இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எழுத்து ஒரு பொருளைக் குறிக்காது, எண்ணைத்தான் குறிக்கும். 'ம' மாம்பழம் அல்ல, ஒரு கிலோ மாம்பழத்தின் விலை.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் குழப்பம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கிளெமென்ட், லாக்ஹெட், மாங்க் ஆகியோர் 1981-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலாண்டு பொறியியல் மாணவர்களிடம் கேட்ட கேள்வி இதுதான்: ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுங்கள். மாணவர் எண்ணிக்கையை 'மா' என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை 'பே' என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். பெரும்பாலும் எழுதியது 6மா = பே. 'ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்' என்று எழுத்தை ஆளாகப் படித்தால் அப்படித்தான் வரும். எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். பேராசிரியர்கள் 10 பேர் என்றால் மாணவர்கள் 60 பேர். 6 × 60 = 360; அது 10-க்குச் சமமா? இல்லை. மா = 6பே என்று திருப்பினால் 60 = 6 × 10. சரியாக இருக்கிறது.

எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கத்தை உங்கள் மகளுக்கும் கொடுங்கள். 3ம + 2க-வும் 5மக-வும் ஒன்றுதானா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது 3 × 60 + 2 × 40 = 260. இரண்டாவதில் எல்லாம் ஒட்டி நிற்பதால் பெருக்கல்தான்: 5 × 60 × 40 = 12,000. மூணு கிலோ மாம்பழமும் ரெண்டு கிலோ கொய்யாவும் பன்னிரண்டாயிரம் ரூபாயா என்று அவளே கேட்பாள். விலை தெரியாதவரை 3ம + 2க அப்படியே நிற்கட்டும், அதுவே முழு விடைதான் என்பதையும் சொல்லுங்கள். கூட்டல் குறி மீதி இருந்தால் கணக்கு முடியவில்லை என்று பிள்ளைகள் தவிப்பார்கள்.

எழுதும் முறையில் ஒன்றை மாற்றினால் போதும். எழுத்தை எடுத்துவிட்டு எண்ணை வைக்கும்போது அடைப்புக்குறியோடு வைக்கட்டும்: 3(60) + 2(40). அடைப்புக்குறி வந்தாலே 360 வராது. இப்போது சின்ன வேலையாகத் தெரிந்தாலும், பின்னால் இது நிறையக் காப்பாற்றும். 10 − ப என்ற கோவையில் (எண்ணும் எழுத்தும் குறிகளும் சேர்ந்த தொடரில்) ப = −3 என்றால், அடைப்பில்லாமல் எழுதும் பிள்ளை ஒரு கழித்தல் குறியை விழுங்கிவிட்டு 7 என்று எழுதும். 10 − (−3) என்று எழுதினால் 13 வரும். அடுக்கு வரும்போதும் அப்படித்தான்: 2ப²-ல் ப = 3 என்றால் 2 × (3)² = 18. முதலில் பெருக்கிவிட்டு வர்க்கம் எடுத்தால் 36 என்று தப்பாகப் போகும்.

அப்புறம், எழுத்தின் மதிப்பு மாறிக்கொண்டே போவதை அவள் பார்க்க வேண்டும். இதற்கு ஏற்காடு பஸ்ஸை விட நல்ல இடம் உங்கள் ஊரில் இல்லை. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே வரும். சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சேலத்தின் வெப்பநிலையை 'வெ' என்றும், அங்கிருந்து ஏறிய உயரத்தைக் கிலோமீட்டரில் 'உ' என்றும் வைத்தால், நீங்கள் இருக்கும் இடத்தின் வெப்பநிலை வெ − 6.5உ. ஏற்காடு சேலத்தை விடச் சுமார் 1.2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தில் 36 டிகிரி என்றால் ஏற்காட்டில் 36 − 6.5(1.2) = 28.2. பாதி உயரம் ஏறியிருக்கும்போது உ = 0.6, விடை 32.1. பஸ் கிளம்பும் முன் உ = 0, விடை 36-தான். மார்கழியில் சேலத்தில் 28 டிகிரி என்றால் ஏற்காட்டில் 20.2. கோவை ஒன்றுதான்; ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 'உ' மாறுகிறது, ஒவ்வொரு மாதமும் 'வெ' மாறுகிறது. மேகமும் மழையும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்பின் ஆக்கும், அதையும் சொல்லிவிடுங்கள். 6.5 மட்டும் ஏன் மாறவில்லை என்று அவள் கேட்டால், மாறிக்கும் (மதிப்பு மாறும் எழுத்து) மாறிலிக்கும் (மாறாத எண்) உள்ள வித்தியாசம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்.

டியூஷன் இப்போது வேண்டாம். கொஞ்ச நாளைக்கு, எந்தக் கணக்கானாலும் முதல் வரியில் எழுத்து எதன் எண் என்பதை அவள் கைப்பட எழுதட்டும்: 'ம = ஒரு கிலோ மாம்பழத்தின் விலை, ரூபாயில்'. வீட்டில் நீங்களும் 'மூணு ம' என்று சொல்லாமல் 'மூணு பெருக்கல் ம' என்றே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் விடை தப்பினால், பெரும்பாலும் −3 போன்ற குறை எண்களில்தான் சிக்கல் இருக்கும். அப்போது நோட்டை எடுத்துக்கொண்டு அவளுடைய கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். எந்த வரியில் தப்புகிறது என்று காட்டிக் கேட்டால் அவரே சரிசெய்துவிடுவார்.