15 ரவுண்டு மேகசின்: டெக்சாஸ்ல ஓகே, நியூ ஜெர்சில கேஸ்? வாசகர் கேள்விகளுக்கு பதில்

அமெரிக்கால லைசென்ஸ் கடைல துப்பாக்கி வாங்கி ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகற இடத்துக்குப் போற நம்ம ஆளுங்க இப்ப கணிசமா இருக்காங்க. அவங்ககிட்ட இருந்து வந்த கேள்வில பாதிக்கு மேல மேகசின் பத்திதான், அதாவது தோட்டாவ அடுக்கி துப்பாக்கிக்குள்ள சொருகற அந்த டப்பா. 15 ரவுண்டுன்னா அதுல 15 தோட்டா கொள்ளும். அதனால இந்த தடவ அதை மட்டும் பாத்துடலாம்.

கேள்வி: நான் டல்லாஸ்ல இருக்கேன், கிரீன் கார்டு. கிளாக் 19 பிஸ்டல் ஒண்ணும் அதோட வந்த 15 ரவுண்டு மேகசின்களும் இருக்கு, எல்லாம் கடைல பில் போட்டு வாங்கினது. அடுத்த மாசம் நியூ ஜெர்சிக்கு வேலை மாறுது. பில் கைல இருந்தா பிரச்சனை வராதுல்ல அண்ணா?

வரும் தம்பி, கண்டிப்பா வரும். பில்லு நீங்க எங்க வாங்கினீங்கன்னு சொல்லும், அவ்ளோதான். நீங்க இப்ப எந்த ஸ்டேட்ல நிக்கறீங்களோ அந்த ஸ்டேட் சட்டம்தான் உங்களுக்கு. நியூ ஜெர்சில 1990-லயே 15 ரவுண்டுன்னு ஒரு லிமிட் வந்தாச்சு, 2018-ல அதை 10-ஆ குறைச்சுட்டாங்க. முக்கியமா அங்க விக்கறது மட்டும் தப்பில்ல, கைல வச்சிருக்கறதே தப்பு. நாலாம் டிகிரி குற்றம்னு போடுவாங்க, 18 மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கிரீன் கார்டுல இருக்கறவங்களுக்கு ஒரு கிரிமினல் கேஸ் விழுந்தா அது சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் வரைக்கும் வந்து நிக்கும், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

என்ன பண்ணலாம்னா, கிளம்பறதுக்கு முன்னாடியே டெக்சாஸ்ல கடைக்கோ தெரிஞ்சவங்களுக்கோ அந்த மேகசின வித்துடுங்க. அங்க லிமிட்டே இல்லாததால வாங்கறதுக்கு ஆள் கிடைக்கும். அப்புறம் அதே கிளாக் 19-க்கு 10 ரவுண்டு மேகசின் கம்பெனியே போடறாங்க, வெளியில பாத்தா அதே சைஸ்தான், உள்ள மட்டும் இடத்தைக் குறைச்சிருப்பாங்க, துப்பாக்கில அப்படியே உக்காரும். வாங்கும்போது திருப்பிப் பாருங்க, மேகசின் முதுகுல சின்னச் சின்னதா ஓட்டை இருக்கும், பக்கத்துல நம்பர் போட்டிருக்கும், உள்ள எத்தனை தோட்டா இருக்குன்னு பாக்கறதுக்கு. அந்த நம்பர் 10-ல நின்னா சரி, 15 வரைக்கும் போனா அது நியூ ஜெர்சிக்கு ஆகாது. 15 ரவுண்டு மேகசின்ல 10 தோட்டா மட்டும் போட்டுக்கறேன்னு சிலர் சொல்றாங்க, அது செல்லாது, எத்தனை போட்டிருக்கீங்கன்னு யாரும் பாக்க மாட்டாங்க, எத்தனை கொள்ளும்ங்கறதுதான் கணக்கு.

இன்னொண்ணு, மேகசின சரி பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. புதுசா குடிவர்றவங்க துப்பாக்கிக்கே அங்க தனியா ஐடி கார்டு, ரெஜிஸ்ட்ரேஷன்னு வேலை இருக்கு. வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி அந்த ஸ்டேட் போலீஸ் சைட்ல ஒரு தடவ படிச்சுடுங்க.

கேள்வி: ஒரே நாடுதானே, ஏன் ஒரு ஸ்டேட்ல 10, இன்னொண்ணுல 15, வேறொண்ணுல 17?

நாடு முழுக்க ஒரே சட்டம் ஒரு காலத்துல இருந்துச்சு. 1994 செப்டம்பர் 13-ல இருந்து 10 ரவுண்டுக்கு மேல புதுசா தயாரிச்சு பொதுமக்களுக்கு விக்கக்கூடாதுன்னு ஃபெடரல் தடை வந்துச்சு, 10 வருஷத்துக்குன்னு போட்டது, 2004-ல காலாவதி ஆச்சு, புதுப்பிக்கல. அதுக்கப்புறம் அந்தந்த ஸ்டேட் முடிவுதான். கொலராடோல 2012-ல அரோரா தியேட்டர் துப்பாக்கிச்சூடு நடந்தது, அடுத்த வருஷம் ஜூலை 1-ல இருந்து 15-னு வச்சாங்க. அதே 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல குழந்தைங்க செத்ததுக்கு அப்புறம் கனெக்டிகட், நியூயார்க், மேரிலாண்ட் மூணும் 2013-ல சட்டத்தை இறுக்குச்சு, மூணுலயும் 10. இல்லினாய்ஸ்ல 2022 ஜூலை 4 பரேடுல ஹைலேண்ட் பார்க்ல சுட்டாங்க, 2023 ஜனவரில சட்டம் வந்தது, அங்க ரைஃபிளுக்கு 10, ஹேண்ட்கனுக்கு 15. வெர்மாண்ட்லயும் 2018-ல இருந்து இதே 10, 15 கணக்குதான். டெலவேர் 2022-ல 17-னு வச்சுது. ஹவாய்ல 10, ஆனா அது பிஸ்டல் மேகசினுக்கு மட்டும். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் ஸ்டேட் எல்லாம் 10. டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அரிசோனா, பென்சில்வேனியான்னு பெரும்பாலான ஸ்டேட்ல லிமிட்டே கிடையாது.

நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணி பிரயோஜனம் இல்லைங்க. விக்கறது தப்பா, வெளில இருந்து கொண்டு வர்றது தப்பா, வச்சிருக்கறதே தப்பா, எந்த தேதிக்கு முன்னாடி வாங்கினதுக்கு விலக்கு, இது நாலும் தெரிஞ்சாதான் அந்த நம்பருக்கே அர்த்தம். அடுத்த கேள்வியப் பாத்தா புரியும்.

கேள்வி: ஆன்லைன்ல ஏஆர்-15 ரைஃபிளுக்கு 30 ரவுண்டு மேகசின் ஆர்டர் போட்டேன், அட்ரஸ் ஏத்துக்கிச்சு, பணமும் எடுத்துட்டாங்க. அப்ப லீகல்னுதானே அர்த்தம்? நான் வாஷிங்டன் ஸ்டேட். மேரிலாண்ட்ல இருக்கற என் மச்சான் பென்சில்வேனியா போய் வாங்கிட்டு வந்து ஓப்பனா வச்சிருக்கார்.

முதல்ல ஆர்டர கேன்சல் பண்ணுங்க, அப்புறம் மீதியப் படிங்க. ஃபெடரல் சட்டப்படி மேகசின் துப்பாக்கியே இல்ல, வெறும் உதிரிப் பாகம், பேக்ரவுண்ட் செக் கிடையாது, ஃபார்ம் கிடையாது, செருப்பு வாங்கற மாதிரி கார்டைத் தேய்ச்சு வாங்கலாம். அதனால நிறுத்தி கேக்கறதுக்கு நடுவுல ஆளே இல்ல. நல்ல கடைங்க உங்க ஜிப் கோடப் பாத்து பிளாக் பண்ணும், சிலது பண்ணாது. செக்அவுட் ஆச்சுங்கறது அவங்க சாஃப்ட்வேர் உங்கள விட்டுடுச்சுன்னு மட்டும்தான் காட்டுது.

உங்க மச்சான் விஷயம் வேற. மேரிலாண்ட் சட்டம் தயாரிக்கறது, விக்கறது, வாங்கறது, கை மாத்தறத தடுக்குது, ஆனா அந்த ஸ்டேட்டுக்கு வெளில வாங்கி எடுத்துட்டு வந்து வச்சிருக்கறத தடுக்கல. அதனால அவர் பண்ணது அங்க ஓகே, அதை மேரிலாண்ட்லயே ஃப்ரெண்டுக்கு குடுத்தார்னா மட்டும் மாட்டுவார். உங்க வாஷிங்டன்ல 2022 ஜூலை 1-ல இருந்து விக்கறதோட சேத்து ஸ்டேட்டுக்குள்ள கொண்டு வர்றதும் தடை. ஐடஹோ பக்கத்துலதானேன்னு ஓட்டிட்டுப் போய் வாங்கிட்டு வந்தாலும் அது இம்போர்ட்தான். புதுசா அங்க குடிவர்றவங்க பெட்டில போட்டு எடுத்துட்டு வந்தாலும் அதே கதைதான். ஆனா ஏற்கனவே உங்ககிட்ட பழசு இருந்தா அதை வச்சிருக்கலாம். ரெண்டு பேருக்கும் நம்பர் அதே 10, சட்டம் மட்டும் வேற வேற.

கேள்வி: கலிஃபோர்னியால கோர்ட் இந்த சட்டத்தையே ரத்து பண்ணிடுச்சுன்னு ஃப்ரெண்ட் சொல்றார், வாங்கலாமா?

வாங்காதீங்க. ரத்து பண்ணது உண்மைதான், ஒரு தடவை இல்ல ரெண்டு தடவை. 2019 மார்ச் 29-ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ் சட்டம் செல்லாதுன்னு சொன்னார், கொஞ்ச நாள்லயே ஏப்ரல் 5-ஓட கதவ மூடிட்டாங்க, அந்த இடைவெளில ஜனங்க லாரி லாரியா ஆர்டர் போட்டாங்க. அதைத்தான் அங்க ஃப்ரீடம் வீக்னு சொல்றாங்க. மேல் கோர்ட் மாத்துச்சு, சுப்ரீம் கோர்ட் 2022-ல மறுபடி பாருன்னு திருப்பி அனுப்புச்சு, அதே ஜட்ஜ் 2023-ல மறுபடி ரத்து பண்ணார், அந்த தீர்ப்ப நடைமுறைக்கு வர விடாம நிறுத்தி வச்சுட்டு 2025 மார்ச்ல மேல் கோர்ட் 7-க்கு 4-னு சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. உங்க ஃப்ரெண்ட் பாத்தது ஏதோ பழைய வீடியோவா இருக்கும். ஓரிகன்லயும் 2022-ல ஓட்டுப் போட்டு கொண்டு வந்த சட்டம் கோர்ட்டுக்கும் அசெம்ப்ளிக்கும் நடுவுல இழுத்துட்டே போச்சு. தீர்ப்பு நியூஸ் வந்தா அது இப்ப அமல்ல இருக்கா, ஸ்டே இருக்கான்னு அட்டர்னி ஜெனரல் சைட்ல பாத்துட்டு அப்புறம் பர்ஸ எடுங்க. ஆர்டர் போட்டு பார்சல் வர்ற அந்த நாலு நாள்ல கூட நிலைமை மாறிடும்.

கேள்வி: கொலராடோ டென்வர்ல இருக்கேன். 15 ரவுண்டு மேகசினுக்கு அடில மாட்டினா ரெண்டு தோட்டா கூட கொள்ற பிளஸ் 2 எக்ஸ்டென்ஷன் விக்கறாங்க, சும்மா ஒரு பிளாஸ்டிக் துண்டுதான், மாட்டலாமா? மேகசின் இல்லாம சேம்பர்ல, அதாவது சுடறதுக்கு ரெடியா குழல் பின்னாடி இருக்கற அறைல, இன்னொண்ணு வச்சா அது 16 ஆகுமா?

சேம்பர்ல இருக்கறது கணக்குல வராது, மேகசின் எவ்ளோ கொள்ளுதுன்னுதான் சட்டம் பேசுது. ஆனா அந்த பிளாஸ்டிக் துண்ட மாட்டினீங்கன்னா மேகசினே 17 கொள்ளும், கொலராடோ லிமிட் 15, அப்ப லீகலா வாங்கின பொருள நீங்களே தப்பான பொருளா மாத்திட்டீங்க. அடித்தட்டு கழட்டற மாதிரி இருக்குங்கறதுக்காக மட்டும் ஒரு மேகசின் தடைக்குள்ள வராதுன்னு அங்க சுப்ரீம் கோர்ட் 2020-ல தெளிவா சொல்லிடுச்சு, ஏன்னா க்ளீன் பண்ண எல்லா மேகசினும்தான் கழட்டணும். பெரிசாக்கணும்னு நீங்க மாட்டறது வேற. 2013-க்கு முன்னாடில இருந்து விடாம உங்ககிட்டயே இருக்கற பெரிய மேகசினுக்கு அங்க விலக்கு உண்டு, போன வருஷம் ஒருத்தர்கிட்ட வாங்கினதுக்கு அது பொருந்தாது.

கேள்வி: பென்சில்வேனியால இருந்து நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு துப்பாக்கி சுடற மேட்சுக்கு கார்ல போறோம், ரெண்டு பக்கமும் லிமிட் இல்ல. நடுவுல நியூயார்க் வருது. பூட்டி டிக்கில வச்சா போதுமா?

துப்பாக்கிக்கு 1986 ஃபெடரல் சட்டம் ஒண்ணு இருக்கு, கிளம்பற இடத்துலயும் சேர்ற இடத்துலயும் லீகலா இருந்து, தோட்டா இல்லாம, கைக்கு எட்டாத இடத்துல வச்சா நடு ஸ்டேட்ட கடக்கலாம். ஆனா அதுல துப்பாக்கி, தோட்டா பத்திதான் எழுதியிருக்கு, மேகசின்னு தனியா எழுதல. ரோட்டோரமா போலீஸ்கிட்ட அந்த வாதத்த பண்ணணுமான்னு யோசிங்க. என் யோசனை, 10 ரவுண்டு மேகசின மட்டும் எடுத்துட்டுப் போங்க, மேட்ச்ல ரீலோட் ஒண்ணு ரெண்டு கூடும், பரவாயில்ல.

கேள்வி: ஹெச்1பி-ல இருக்கேன், 10 ரவுண்டு மேகசின் உள்ள துப்பாக்கி வாங்கினா ஓகேவா?

மேகசின் சைஸ் அப்புறம். விசால இருக்கறவங்க துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருக்கறதயே ஃபெடரல் சட்டம் தடுக்குது, செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான். அந்த லைசென்ஸ் தேதி முடிஞ்ச அன்னிக்கே விலக்கும் போயிடும். ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதுக்கும் இதே விதிதான், அதனால ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடறாங்கன்னு போறதுக்கு முன்னாடி உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.