நுரை சுத்தமல்ல, வாசனை பாதுகாப்பல்ல: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டு வீடு முழுவதையும் துடைக்கிறேன். கலக்கும்போது நன்றாகப் பொங்குகிறது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் போவதில்லை. அளவை மாற்ற வேண்டுமா?

அளவை மாற்றிப் பயனில்லை. இரண்டையும் பிரித்துவிடுங்கள். வினிகரில் ஏறத்தாழ 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. சோடா மென்மையான காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வலுவை மற்றொன்று தீர்த்துவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு நுரையாகப் போய்விட, பாட்டிலில் எஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற உப்புமே. அந்த நீரைக் கொண்டு துடைப்பதற்கும் வெறும் நீரைக் கொண்டு துடைப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இறுக மூடிய பாட்டிலில் கலந்தால் வாயு அழுத்தம் பாட்டிலையே வெடிக்கச் செய்யலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தக் கறைக்கு எது என்பதே இதில் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கெட்டிலின் உள்ளேயும் குழாய் முனையிலும் படியும் வெள்ளைப் படிவு கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க அமிலம்தான் வேண்டும் என்பதால் அங்கே வினிகரோ சிட்ரிக் அமிலமோ நன்றாக வேலை செய்யும். அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தேய்க்கலாம். அலுமினியப் பாத்திரமாக இருந்தால் வேண்டாம், கறுத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கோ வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும்தான் பொருத்தம். பளிங்குத் தரையில் மட்டும் வினிகரையும் எலுமிச்சையையும் அண்டவிடாதீர்கள்: பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான், ஆகவே கெட்டிலின் படிவுக்கு நேர்வதே தரையின் பளபளப்புக்கும் நேரும்.

கேள்வி: கழிப்பறையில் பிளீச் ஊற்றியிருந்தேன். வாடை தாங்காமல் அதன் மேலேயே வினிகரையும் ஊற்றினேன். கண் எரிந்து, இருமல் வந்துவிட்டது. இயற்கைப் பொருள்தானே வினிகர்?

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதனுடன் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். அந்த அமிலம் பழத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களுடன் சேர்ந்தால் குளோரமின் வாயு உண்டாகும். அதுவும் நுரையீரலைப் புண்படுத்துவதே. இனி ஒருமுறை அப்படி நேர்ந்தால், அங்கேயே நின்று தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முயலாமல், உடனே வெளியேறித் தூய காற்றுக்கு வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலப்பதும் தவறு. அரிக்கும் தன்மையுள்ள பெரசிட்டிக் அமிலம் அதில் உருவாகும்.

கேள்வி: அப்படியானால் கிருமிகளை அழிக்க வினிகர் போதுமா?

போதாது. சில நுண்ணுயிர்களை அது தடுக்கும் என்றாலும், நம்பத்தக்க கிருமிநாசினி அன்று. அன்றாடத் தூய்மைக்குச் சோப்பும் நீருமே கிருமிகளில் பெரும்பகுதியைக் கழுவி அகற்றிவிடும். வீட்டில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும், முதலில் சோப்பு நீரால் துடைத்துவிட்டு, 5 சதவீத பிளீச்சின் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்த கரைசலைப் பூசிப் பத்து நிமிடம் ஈரமாக விட்டுவையுங்கள். இக்கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். நச்சில்லாத வீடு வேண்டும் என்பதற்காக இதையும் விலக்குவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: எறும்புக்குப் போரிக் அமிலமும் சர்க்கரையும் கலந்து வைத்தேன். முதல் நாளே நிறைய எறும்புகள் செத்தன. மறுவாரம் அதே வரிசை திரும்பிவிட்டது. வீட்டில் தவழும் குழந்தையும் இருக்கிறது. கரப்பான் பூச்சிக்கும் இதையே பயன்படுத்தலாமா?

முதல் நாளே செத்தன என்பதுதான் சிக்கல். நீங்கள் காணும் வரிசை வேலைக்கார எறும்புகளுடையது. முட்டையிடும் ராணி புற்றுக்குள் இருக்கிறது. நஞ்சு கூடுதலாக இருந்தால் வேலைக்கார எறும்பு புற்றை எட்டும் முன்பே இறந்துவிடும். 100 மில்லி சர்க்கரை நீருக்கு 1 கிராம் என்ற மெல்லிய அளவில் இருந்தால்தான் அது இரையைச் சுமந்துசென்று மற்றவற்றுக்கும் ஊட்டும். வரிசை முதல் இரண்டு நாட்கள் பெருகவே செய்யும். அப்போது பொறுமையிழந்து மருந்து அடித்துவிடக் கூடாது.

ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். போரிக் அமிலம் வீட்டிலேயே கலக்கப்படுவதாலோ கனிமமாக இருப்பதாலோ நச்சற்றதாகிவிடாது. கையில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அது நஞ்சே. அதற்குப் பதிலாக, எறும்பு வரும் வழியைச் சோப்பு நீரால் துடையுங்கள்: எறும்புகள் விட்டுச்செல்லும் வாசனைத் தடம் அழிந்தால் பின்வருபவை வழி தவறும். பிறகு அவை நுழையும் விரிசலை அடைத்துவிடுங்கள். கரப்பான் பூச்சி உணவின்றி வாரக்கணக்கில் தாங்கும், நீரின்றி அவ்வளவு தாங்காது. ஆகவே இரவில் கழுவுதொட்டியைத் துணியால் ஒற்றி உலர்த்துவதும், ஒழுகும் குழாயைச் சரிசெய்வதும் பல மருந்துகளைவிடப் பயன் தரும். கண்ணெதிரே ஓடுவதன் மீது சோப்பு நீரைத் தெளித்தாலே அதன் மூச்சுத் துளைகள் அடைபட்டு இறந்துவிடும். டயட்டம் மண் எனப்படும் பொடி, பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி அதை உலரவைத்துக் கொல்லும். எனினும் ஈரம் பட்டால் பயனற்றது, மூச்சில் ஏறினால் தீங்கானது என்பதால், குழந்தை எட்டாத மூடிய இடுக்குகளில் மட்டும் மெல்லத் தூவலாம்.

கேள்வி: அந்துருண்டைக்கு மாற்று உண்டா?

உண்டு. துணியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அது வியர்வையும் கறையும் படிந்த கம்பளி, பட்டுத் துணிகளையே நாடும். துவைத்து உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டிவைத்தால் போதும். ஏற்கெனவே புழு இருந்தால், பையோடு −18 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் உறையவையுங்கள். அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. கற்பூரத்தை மாற்றாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தை அதை விழுங்கினால் வலிப்பு வரலாம்.

கேள்வி: கொசுவுக்குச் சிட்ரோனெல்லா எண்ணெய் தெளிக்கிறேன். பூனை வளர்ப்பதால் தயக்கம்.

தயக்கம் நியாயமானது. இத்தகைய எண்ணெய்களின் பல கூறுகளைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தேயிலை மர எண்ணெயும் அதற்கு ஆகாது. தவிர, சிட்ரோனெல்லா விரைவில் ஆவியாகிவிடும். வெப்பமான நாட்களில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏழு முதல் பத்து நாட்களே ஆகும் என்பதால், நீர் தேங்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை கவிழ்ப்பதே முதல் மருந்து. கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் உலர்ந்தும் உயிரோடிருக்கும். கவிழ்க்க முடியாத தொட்டிக்கு வலையோ இறுக்கமான மூடியோ போடுங்கள். அலங்காரக் குளமாக இருந்தால், 1976இல் கண்டறியப்பட்ட பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா வில்லைகள் உள்ளன. அவை கொசுப் புழுக்களைக் கொல்லும், பூனைக்குத் தீங்கு செய்யாது.